ஆறு நகல்கள்

அத்தியாயம் 11

பீர்மேட்டில் காலை ஏழு மணிக்கும் மூடுபனி விலகவில்லை. லாட்ஜுக்கு எதிரே இருந்த கடையில் அப்பா மூன்றாவது டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"டீ வெளையற ஊர்ல டீ நல்லா இருக்கோணுமே. இதென்ன இப்படி இருக்குது?" என்றார்.

கடைக்காரர் மலையாளி. தமிழ் நன்றாகப் பேசினார். "நல்லது மொத்தமும் வெளியூர் போயிடும் ஐயா. நமக்கு மிச்சம்தான்."

"எங்கூர்லயும் அதே கதைதானுங்க. நல்ல காய் வண்டி ஏறிப் போயிரும். அழுகல் காய்தான் ஊட்டுக் கொழம்புக்கு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். காகிதம் இருந்தது. போன வியாழக்கிழமையிலிருந்து அங்கேதான் இருக்கிறது.

முந்தின நாள் காலை கொழிஞ்சாம்பாறையில் கிளம்பி, பொள்ளாச்சி, திண்டுக்கல், தேனி, குமுளி என்று பஸ் மாறி வந்திருந்தோம். அப்பா, நான், தங்கை தமிழ்ப்ரியா. ப்ரியா இங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் நான்காம் ஆண்டு ஆய்வு மாணவி. தேயிலைக்கு அடிக்கும் மருந்து ஓடையில் கலந்தால் எந்தப் பூச்சி சாகிறது, எது தாங்குகிறது என்று எண்ணுவது அவள் வேலை.

பிப்ரவரியில் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். மூன்று வாரம் காரணம் சொல்லவில்லை. பிறகு என்னிடம் சொன்னாள். அவளுடைய வழிகாட்டி டாக்டர் ஹரிகோவிந்தன் எட்டு மாதமாக அவளை நிம்மதியாக வேலை செய்ய விடவில்லை. ஜீப்பில் கை. ஆய்வறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு விலை உண்டு என்ற பேச்சு. கடைசியாக, மாதிரிகள் பிரிக்கும் அறையில் அவள் தனியாக இருந்தபோது உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டார். ப்ரியா ஜன்னல் வழியாகக் கூச்சல் போட்டதும் அவர் கதவைத் திறந்தார், அவள் வெளியே வந்துவிட்டாள்.

மார்ச்சில் நிலையத்தின் உள் புகார்க் குழுவுக்கு எழுதினாள். ஆறு நகல் கேட்டார்கள். கொடுத்தாள். இன்று பன்னிரண்டு மணிக்கு எங்களுக்கு விசாரணை.

போன வாரம் ஹரிகோவிந்தனின் பதில் வந்தது. கூடவே ஒரு கடிதத்தை இணைத்திருந்தார். அப்பா அவருக்கு எழுதிய கடிதம். எழுதிய கை என்னுடையது.

அப்பாவுக்கு அது இன்னும் தெரியாது. மகளுக்குத் துணையாக வந்திருக்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ப்ரியா தலையில் துண்டோடு லாட்ஜ் படியிறங்கி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லிட்டியாண்ணா?"

"இல்ல."

"அந்த ரூமுக்குள்ள வெச்சுத் தெரிஞ்சுக்கட்டும்னு விட்டுட்டியா?"

நான் காகிதத்தை எடுத்து அப்பா முன்னால் வைத்தேன். அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். உதடு அசைய, எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார்.

'ஐயா அவர்களுக்கு. துக்கத்துக்கு அவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி. எங்கள் மகளைத் தங்கள் கையில் ஒப்படைத்துவிட்டோம். தாங்கள் அவளுக்கு இன்னொரு தகப்பன். தப்புச் செய்தால் அடித்துத் திருத்தவும். இத்துடன் நூறு தேங்காய் அனுப்பியுள்ளேன்.'

"இது உன்ற கையெழுத்து" என்றார்.

"ஆமாங்ப்பா. நீங்க சொன்னீங்க, நான் எழுதினேன்."

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"அவரு குழுவுக்குக் குடுத்திருக்காரு. ஜூலையில இருந்து தப்பா நடந்திருந்தா, நவம்பர்ல அந்தக் குடும்பம் எனக்கு ஏன் இப்படி எழுதும்னு கேட்டிருக்காரு."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப நாந்தான் அவனுக்குச் சாட்சியா?"

டீக்கடைக்காரர் உள்ளே போய்விட்டார்.

"நூறு காயும் நானே தட்டிப் பாத்துப் பொறுக்குனது" என்றார் அப்பா. எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தார். பனி அவரை மறைத்துவிட்டது.

நான் எழுந்தேன். ப்ரியா என் கையைப் பிடித்தாள். "விடு. கொஞ்சம் நடக்கட்டும்."

"ஊருக்கே பஸ் ஏறிட்டா?"

"ஏறட்டும். இழுத்துட்டு வந்து பேச வெச்சா, அது அப்பா பேசினதா இருக்காது."

அந்தக் கடிதம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

நவம்பரில் என் மனைவி மௌனிகா டெங்குவில் இறந்தாள். ஐந்து நாள் காய்ச்சல். ஒன்பதாம் நாள் டாக்டர் ஹரிகோவிந்தன் துக்கம் கேட்கக் காரில் வந்தார். எங்கள் பக்கம் துக்க வீட்டுக்கு வந்தவரை 'வாங்க' என்று கேட்பதில்லை. போகும்போது 'போய்ட்டு வாங்க' என்று சொல்வதும் இல்லை. வந்தவரும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவார். அவருக்கு இது தெரியாது. எழுந்து எல்லோரையும் பார்த்துக் கைகூப்பி, "அப்போ வரட்டே" என்று மலையாளத்தில் விடைகேட்டார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அப்பாவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. இவ்வளவு பெரிய மனுசனை ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பிவிட்டோம், தப்பாக எடுத்துக்கொள்வார், அது மகள் படிப்புக்கு ஆகாது. பதினாறு முடிந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். எழுதினேன். அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் செய்தேன். குளி என்றால் குளித்தேன்.

பதினோரு மணிக்கு நிலையத்து ஜீப் வந்தது. டிரைவர் ஜோமோன் இறங்கிப் பின் கதவைத் திறந்தார்.

"அச்சன் எங்கே?" என்று அப்பாவைத் தேடினார்.

"வெளிய போயிருக்காரு. போனை ரூம்லயே வெச்சுட்டாரு."

ஜோமோன் என்னையும் ப்ரியாவையும் பார்த்தார். "உங்களை விட்டுட்டு நான் திரும்பி வரேன். பீர்மேடு சின்ன ஊர்தானே, தேடிடலாம்."

நிலையம் ஒரு பழைய எஸ்டேட் பங்களா. தகரக் கூரை. முற்றத்தில் மழைமானி. வராந்தாவில் சுவரோடு சேராமல் நீளமாக ஒரு மேசை. சுவரில் தினமும் மழையளவு எழுதும் பலகை. அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. தமிழ், மலையாளம், ஆங்கிலம், மூன்றிலும். யாரிடம் புகார் கொடுக்கலாம், போன் எண் என்ன, யாருக்கெல்லாம் உரிமை உண்டு.

"முன்னாடி இது எங்க இருந்துச்சு தெரியுமா?" என்றாள் ப்ரியா. "ஸ்டோர் கதவுக்குப் பின்னால. கதவைச் சாத்தினாத்தான் தெரியும். இங்கிலீஷ்ல மட்டும். அதுல இருந்த மூணு பேர்ல ஒருத்தர் ரிட்டயராகி ரெண்டு வருஷம் ஆச்சு. அவருக்குப் போன் பண்ணினேன். பேரனை ஸ்கூல்ல விட்டுட்டு வரேம்மா, அப்புறம் கூப்பிடுன்னாரு."

"இது யாரு ஒட்டினது?"

"குழு அனுப்பினாங்க. போன மாசம் வாக்குமூலம் குடுக்க வந்து நாலு நாள் இருந்தேன்ல, அப்ப எங்க ஒட்டறதுன்னு என்னைக் கேட்டாங்க. மழைக் கணக்குக்குப் பக்கத்துலன்னேன். காலையில எல்லாரும் மொதல்ல வந்து நிக்கற எடம். ஒட்டின மறுநாளே ஒரு மூலையை யாரோ கிழிச்சிருந்தாங்க. திரும்ப ஒட்டினேன்."

ஸ்டோர் சூப்பர்வைசர் ஏசுதாஸ் தட்டில் டீ கொண்டுவந்தார். ஐம்பது வயது இருக்கும். பழுப்பு நிற ஸ்வெட்டர். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, எல்லாம் கேள்விப்பட்டேன். வீட்லயும் இப்படி, இங்கயும் இப்படி. கஷ்டந்தான். ஐயா வரலியா? பாவம், பெரியவருக்கு எதுக்கு அலைச்சல். ப்ரியா எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி. நாங்க இருக்கோம்ல."

கை சூடாக இருந்தது. நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

அப்போது மாரித்தாய் மாதிரித் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாற்பது வயதுப் பெண். பக்கத்து எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருப்பவள். ஓடையில் இறங்கி வலை பிடிப்பது, வாளி சுமப்பது, எல்லாம் அவள்தான். தினக்கூலி. ப்ரியாவின் முக்கியமான சாட்சியும் அவள்தான்.

"மாரி, நீயும் ஒரு டீ எடுத்துக்க" என்றார் ஏசுதாஸ்.

"வேண்டாம்."

ஏசுதாஸ் மேசையின் இந்த முனையில் நின்றார். அவள் வைக்க வேண்டிய இடம் அவருக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் மேசையை முழுதாகச் சுற்றிப் போய் அந்தப் பக்கத்திலிருந்து தட்டுகளை நகர்த்தி வைத்தாள். பிறகு ஒரு காலித் தட்டை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

நவம்பரில் எங்கள் வீட்டில் ப்ரியாவும் அப்படித்தான் நின்றாள். கையில் முறம் இருந்தது. அதைக் கீழே வைக்கவே இல்லை. அன்று கண்ணில் பட்டது, மனதில் ஏறவில்லை.

ஏசுதாஸ் உள்ளே போனதும் மாரித்தாய் என்னிடம் வந்தாள்.

"நான் காலையிலயே உள்ள போயி சொல்லிட்டேன் தம்பி. மூணு தடவ ஜோமோனை நிப்பாட்டிட்டு டாக்டரே வண்டிய எடுத்தாரு. மூணு தடவயும் பாதி வழியில என்னைய மட்டும் எறக்கி, வாளியத் தூக்கிட்டு நடந்து வான்னாரு. ஜோமோன் வண்டி நோட்டுல எல்லாம் எழுதியிருக்காரு. நோட்டையும் வாங்கிப் பாத்தாக."

"பயமா இல்லீங்களா?"

"திங்கக்கெழம வேலை இருக்கோ இல்லையோ" என்றாள். "பாப்பா எங்கூட ஓடையில எறங்கி நிக்குற புள்ள. நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா?"

பன்னிரண்டுக்கு எங்களில் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் நான்கு பேர். தலைவி நரைத்த தலையோடு ஒரு மேடம், தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர். வெளி உறுப்பினர் கட்டப்பனையில் பெண்களுக்கான அமைப்பு ஒன்றில் வேலை செய்பவர். மற்ற இருவர் விஞ்ஞானிகள். ப்ரியா ஓரமாக ஒரு நாற்காலியில் இருந்தாள். ஹரிகோவிந்தனை வேறு நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

"இந்தக் கத்து, இந்தக் கடிதம், எழுதியது நீங்களா?" என்றார் தலைவி. கடிதத்தின் நகல் அவர் கையில் இருந்தது. ஒரு வரியின் கீழ் சிவப்புக் கோடு. இன்னொரு தகப்பன்.

"ஆமாங்க. அப்பா சொன்னார். நான் எழுதினேன்."

"அந்தச் சமயம் உங்க யாருக்கும் எதுவும் தெரியாது?"

"தெரியாதுங்க. ஆனா ஒண்ணு பாத்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

பேனாவைக் கீழே வைத்தார்.

"துக்கம் கேட்டுட்டுக் கெளம்பறப்ப, ப்ரியாவைத் தன்னோட கார்லயே கூட்டிட்டுப் போறேன்னு அவர் சொன்னார். ப்ரியா, நான் பஸ்ல வரேன் சார்ன்னா. ரெண்டு தடவ அவர்கிட்டச் சொன்னா. மூணாவது தடவ என்னைப் பாத்துச் சொன்னா."

"நீங்க?"

"ஏன் பஸ்ல அலையற, சார் கூடவே போன்னேன். அவ பையை எடுத்து நானே கார்ல வெச்சேன்."

ப்ரியா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றார் கட்டப்பனைப் பெண். குரலில் குற்றம் சாட்டுவது இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"ஊட்டுல ஒரு ஆள் கொறையட்டும்னு நெனச்சேன். ஆட்கள் இருந்தா எதாவது பேசுவாங்க. அவ்வளவுதாங்க நெனச்சேன்."

"மூணு தடவை சொன்னது இப்ப எப்படி ஞாபகம்?"

"அப்பவும் காதுல விழுந்துச்சு. விழுந்ததோட சரி. அவ மார்ச்சுல எல்லாத்தையும் சொன்ன பொறகுதான், அது என்னன்னு புரிஞ்சுது."

தலைவி எழுதிக்கொண்டார். பிறகு ஒரு நோட்டைத் திறந்தார். ப்ரியாவின் கள நோட்டு. நனையாத தாள், பென்சில் எழுத்து. இடது பக்கத்தில் ஓடையின் வெப்பநிலை, பூச்சிகளின் எண்ணிக்கை. வலது பக்கத்தில் வேறொரு பட்டியல். தேதி, நேரம், இடம், பக்கத்தில் யார், என்ன நடந்தது. செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை.

"இப்படி எழுதி வைக்கச் சொன்னது உங்க மனைவியாமே?"

எனக்குப் புரியவில்லை. ப்ரியாவைப் பார்த்தேன். அவள் நிமிரவில்லை.

தலைவி ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். போன் திரையின் அச்சு. செப்டம்பர் பதினாறு, மாலை நாலே கால். அனுப்பியவர் மௌனிகா அண்ணி.

'நீ சொன்னதை அப்படியே நம்பறேன். அழுதுட்டே இருக்காத. தேதி, நேரம், எடம், பக்கத்துல யாரு. பூச்சிக்கு எழுதற மாதிரி இதையும் எழுதி வை. உங்க அண்ணன்கிட்ட நானே பக்குவமாச் சொல்றேன். தீபாவளி கழியட்டும்.'

தீபாவளி கழிந்த இரண்டாம் வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

மறுபடி படித்தேன். அவள் போன இந்த ஐந்து மாதத்தில் அவள் எழுதியதையெல்லாம் படித்துவிட்டேன், படிக்காதது இது ஒன்றுதான். எடம் என்றுதான் எழுதுவாள். இடம் என்று எழுதமாட்டாள்.

"இதுல ஒரு நகல் எனக்குக் கிடைக்குங்களா?" என்றேன்.

தலைவி அந்தத் தாளைத் திரும்ப ஃபைலுக்குள் வைத்தார். "ஃபைலில் இருந்து தர முடியாது மோனே. ரகசியம். தங்கச்சி போனில் இருக்கு. அவளிடம் கேளுங்க."

ப்ரியா முதல்முறையாக நிமிர்ந்தாள். "உனக்கு எப்படிக் காட்டறதுன்னு தெரியலண்ணா" என்றாள். "அண்ணி பேரைச் சொன்னாலே நீ எந்திரிச்சுப் போயிருவ."

உண்மைதான். போயிருக்கிறேன்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஜோமோன் எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் அப்பா. முகம் சவரம் செய்திருந்தார். புதிய வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாதது. பீர்மேட்டில் வாங்கியிருக்க வேண்டும். கையில் காகிதக் கட்டு.

"உள்ள வரலாமுங்களா?"

"வாங்க ஐயா. இருக்கூ."

அப்பா உட்காரவில்லை. காகிதங்களை எண்ணி மேசையில் வைத்தார். "ஆறு இருக்குது. ஆறுதானுங்களே கேக்கறது? புள்ள மார்ச்சுல ஆறு எடுத்தா. அதைப் பாத்து வெச்சிருந்தேன்."

தலைவி ஒன்றை எடுத்துப் பார்த்தார். கட்டப்பனைப் பெண்ணிடம் கொடுத்தார். அவர்தான் தமிழ் படிக்கத் தெரிந்தவர். சத்தமாகப் படித்தார். பெரிய பெரிய எழுத்து. அப்பாவே எழுதியது.

'நவம்பர் மாதம் என் மகன் கையால் எழுதி அனுப்பிய கடிதத்தை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். துக்க வீட்டில் வழியனுப்பும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அதற்குச் சமாதானமாக எழுதியது. நடந்தது தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். தேங்காய் திருப்பித் தர வேண்டியதில்லை. இப்படிக்கு ரத்தினசாமி.'

விஞ்ஞானிகளில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார்.

"ஐயா, எழுதின கத்தை வாபஸ் வாங்க எங்க விதியில வழி இல்லை" என்றார் தலைவி. "ஆனா ஃபைலில் சேர்க்கலாம். ஒரு கேள்வி. அடித்துத் திருத்தவும் என்று எழுதியிருக்கு. அவருக்கு அப்படி ஒரு அதிகாரம் நீங்க கொடுத்ததா அவர் சொல்றார்."

"அது எல்லா வாத்தியாருக்கும் சொல்றதுங்க. ஒண்ணாங்கிளாஸ்ல சேத்தப்பவும் இதைத்தான் சொன்னேன். அந்த டீச்சரம்மா ஒரு நாளும் அடிச்சதில்ல. அவிங்களுக்குப் புரிஞ்சுது."

தலைவி எழுதினார்.

"மகள் உங்ககிட்ட எப்போ சொன்னாள்?"

"எங்கிட்ட அவ சொல்லவே இல்லீங்க. மருமககிட்டச் சொல்லியிருக்கறா. பொறகு அண்ணன்கிட்ட. பெத்தவன்கிட்டச் சொல்ல முடியாத மாதிரி நான் இருந்திருக்கறேன். அதையும் எழுதிக்குங்க."

மருமகள் விஷயம் அப்பாவுக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேரும் கதவுக்கு வெளியே எவ்வளவு நேரம் நின்றார்கள்? ஜோமோனைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

ப்ரியா எழுந்து போய் அப்பா பக்கத்தில் நின்றாள். தொடவில்லை. எங்கள் வீட்டில் வளர்ந்த பிறகு தொட்டுக்கொள்வது இல்லை. தோளுக்குப் பக்கத்தில் நின்றாள், அவ்வளவுதான். அப்பா தன் பக்கத்து நாற்காலியை அவளுக்கு நகர்த்திப் போட்டார்.

மூன்று மணிக்கு வெளியே வந்தோம். பனி விலகி, தேயிலைச் சரிவு முழுக்க வெயில்.

முடிவு இன்றைக்கு இல்லை. அறிக்கை வர ஒரு மாதம் ஆகும். ஆனால் இடைக்கால ஏற்பாட்டை அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ப்ரியாவின் வேலையில் ஹரிகோவிந்தன் இனி கையெழுத்துப் போடக் கூடாது. வேறொரு வழிகாட்டி. அறிக்கை வரும்வரை அவர் இந்த நிலையத்துக்கு வரக் கூடாது. கள வேலைக்குப் போகும் வண்டியில் யாரையும் வழியில் இறக்கிவிடக் கூடாது, ஏறியவர் பெயரும் இறங்கியவர் பெயரும் நோட்டில் இருக்க வேண்டும். கடைசி விதி ஜோமோனின் நோட்டிலிருந்து வந்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"அப்ப நீ இங்கயே இருக்கப் போறயா?" என்றார் அப்பா.

"இருக்கேன்ப்பா. ஜூன்ல மழை புடிச்சா நாலாம் வருஷக் கணக்கு எடுக்கோணும்."

படிப்பை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடு என்று சொல்வார் என்று காத்திருந்தேன். ஒரு மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பூச்சியக் காட்டு பாக்கலாம்" என்றார்.

மேசைத் தட்டில் இரண்டு விரல் தண்ணீர். அதில் அரிசி நீளத்துக்கு ஒன்று. நூல் போல மூன்று வால்.

"இதா? இதுக்கா நாலு வருஷம்?"

"இது நல்ல தண்ணியில மட்டும்தான் இருக்கும்ப்பா. மருந்து கலந்தா மொதல்ல காணாமப் போறது இதுதான். அதை வெச்சுத்தான் நாங்க கண்டுபிடிப்போம்."

அப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார். "எங்க வாய்க்கால்ல இதைப் பாத்திருக்கறேன்" என்றார். "சின்ன வயசுல. இப்ப இல்ல."

மாரித்தாய் மழைப் பலகைப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அந்தக் காகிதத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். விரலை வரியின் கீழ் வைத்து.

"பாப்பா" என்றாள் திரும்பாமல். "இதுல தினக்கூலிக்கும்னு போட்டிருக்கு. நெசமாவா?"

"நெசம்தாங்க்கா. அவங்களுக்கும் இதே குழுதான்."

"தமிழ்ல எழுதலாமா?"

"எழுதலாம்."

அவள் இன்னும் திரும்பவில்லை. "எனக்குப் படிக்க வரும். எழுத்து வராது. கையெழுத்துப் போடுவேன்."

ப்ரியா என்னைப் பார்த்தாள். எனக்குக் கை கூசியது. கடைசியாக ஒருவர் சொல்ல நான் எழுதியது எங்கே வந்து நின்றது என்று இன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நான் எழுதறேன்" என்றேன். "ஆனா ஒவ்வொரு வரியா படிச்சுக் காட்டுவேன். நீங்க சரின்னு சொன்ன பொறகுதான் அடுத்த வரி."

மேசையில் உட்கார்ந்தோம். அப்பா எனக்கு ஒரு பக்கம், ப்ரியா மாரித்தாய்க்கு ஒரு பக்கம். அவள் தலையைக் குனிந்தபடி சொன்னாள். ஸ்டோருக்குள் வலை எடுக்கப் போனது. கூப்பிட்டது. எழுதிப் படித்தேன்.

"கூப்பிட்டாருன்னு போடாதீய தம்பி. இழுத்தாரு. இழுத்தாருன்னு போடுங்க."

அடித்துவிட்டு எழுதினேன். மறுபடி படித்தேன். தலையாட்டினாள்.

"எப்ப?"

"போன மாசம் இருபத்தொண்ணாந்தேதி. அந்தப் பேப்பரு ஒட்டுனாகல்ல, அதுக்கு ரெண்டு நாள் முன்ன."

"மூணு மாசத்துக்குள்ள குடுக்கலாம். நேரம் இருக்குதுக்கா" என்றாள் ப்ரியா.

"யாருன்னு எழுதணும்" என்றேன். யார் என்று கேட்கத் தேவையில்லை என்று நினைத்தேன். பேனா முனையில் ஹரிகோவிந்தன் என்ற பெயர் தயாராக இருந்தது.

அவள் ஸ்டோர் கதவைப் பார்த்தாள். உள்ளே டீ கிளாஸ்கள் கழுவும் சத்தம்.

"ஏசுதாஸ்" என்றாள்.

ப்ரியா அவளைத் திரும்பிப் பார்த்தாள். நான்கு வருடம் அவர் போட்ட டீயைக் குடித்தவள். நான் காலையில் பார்த்த காலித் தட்டை நினைத்தேன். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்ததை நினைத்தேன்.

பெயரை எழுதினேன். படித்தேன். "சரிதான்" என்றாள். கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல்.

ஸ்டோர் கதவு திறந்தது. ஏசுதாஸ் தட்டோடு வந்தார். மேசையின் இந்த முனையில், படிக்குப் பக்கத்தில் நின்றார். சிரித்தார்.

"என்ன, குடும்பமே உக்காந்து என்னமோ எழுதுதீக? மாரி, உனக்கு இங்க என்ன வேலை?"

அப்பா எழுந்தார். தாளை என் கையிலிருந்து வாங்கி, நான்காக மடித்து, புதுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஒரு கடுதாசிங்க" என்றார். "ஆறு காப்பி எடுக்கோணும். கடை எனக்குத் தெரியும். சாத்தறதுக்குள்ள போகோணும்."

மாரித்தாயும் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். படி ஏசுதாஸுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

அவள் மேசையைச் சுற்றிப் போகவில்லை.